ஆய்வுக்கூடத்துக் காற்று: மின் சிக்கனமும் உயிர்ப் பாதுகாப்பும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற அறிவியல் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கல்விக் கழகமொன்று இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்வது எளிய செயலன்று. அந்த நிறைவைக் கொண்டாடும் வேளையில் அறிவியல் பொருளொன்றைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். காற்றோட்டப் பொறியியல் என் தொழில். ஆகவே, ஆய்வுக்கூடத்தின் காற்றைப் பற்றியே பேச எண்ணினேன். நம் பிள்ளைகளில் பலர் இன்று வேதியியல், உயிர்வேதியியல், மருந்தியல் ஆகிய துறைகளில் பயில்கின்றனர். நாளை அவர்கள் கல்லூரிகளிலும் மருந்து ஆலைகளிலும் பரிசோதனை நிலையங்களிலும் பணிபுரிவர். அங்கே அவர்கள் நாள்தோறும் சுவாசிக்கப் போகும் காற்று எத்தகையது, அதைத் தூய்மையாக வைத்திருக்க ஆகும் செலவு யாது, அச்செலவைக் குறைக்கப் புகுவோர் எங்கே கை வைக்கலாம், எங்கே வைக்கலாகாது என்பவற்றை அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

காற்றின் விலை

காற்று விலையின்றிக் கிடைப்பது என்று சொல்லி வருகிறோம். வெட்டவெளியில் அது உண்மை. ஆய்வுக்கூடத்திற்குள் அது உண்மையன்று. ஓர் அலுவலகத்தில் குளிரூட்டிய காற்றையே திரும்பத் திரும்பச் சுழலவிட்டுச் சிறிதளவு புதுக்காற்றை மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். நச்சு ஆவிகள் எழும் ஆய்வுக்கூடத்தில் அவ்வாறு செய்தல் கூடாது. உள்ளே வந்த காற்று ஒருமுறை பயன்பட்டதும் வெளியேற்றப்பட வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு கன மீட்டர் காற்றுக்கும் ஈடாக வெளியிலிருந்து புதுக்காற்று வந்தாக வேண்டும். அந்தப் புதுக்காற்றை வெப்பநாட்டில் குளிர்விக்கவும் குளிர்நாட்டில் சூடாக்கவும் வேண்டும். பெரும் ஆய்வுக்கூடக் கட்டடமொன்று அதே பரப்புள்ள அலுவலகக் கட்டடத்தைப்போல் நான்கைந்து மடங்கு ஆற்றலை உண்பதற்கு இதுவே முதற்காரணம்.

இச்செலவின் நடுநாயகம், 'ஃபியூம் ஹூட்' என்று ஆய்வுக்கூடங்களில் வழங்கப்பெறும் புகை அலமாரி ஆகும். மூன்று புறமும் அடைபட்ட பெரிய பெட்டி அது, முன்புறத்தில் மேலும் கீழும் நகரும் கண்ணாடிக் கதவு, மேலே காற்றுக்குழாய், மாடியின்மேல் விசிறி. விசிறி இழுக்கும்போது அறையின் காற்று முன்வாயில் வழியே பெட்டிக்குள் நுழைந்து, உள்ளே எழும் ஆவியைத் தன்னோடு அள்ளிக்கொண்டு கூரைக்கு மேலே செல்கிறது. இவ்வாயிலில் காற்று நுழையும் வேகத்தை முகப்பு வேகம் என்பர். நெடுங்காலமாக வினாடிக்கு ஏறத்தாழ அரை மீட்டர், அதாவது நிமிடத்திற்கு 100 அடி, என்பதே நடைமுறை அளவாக இருந்து வருகிறது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலமாரியின் வாயில் ஒன்றரை மீட்டர் அகலம், கதவை முழுதும் உயர்த்தினால் 70 சென்டிமீட்டர் உயரம் என்று கொள்வோம். வாயிலின் பரப்பு 1.05 சதுர மீட்டர். வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரத்தில் 1,890 கன மீட்டர் காற்று அதன் வழியே வெளியேறும். ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 1.2 கிலோ எடை உடையது. ஆகவே ஒரே ஓர் அலமாரி மணிக்கு இரண்டேகால் டன் காற்றை வானில் கொட்டுகிறது. எட்டு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையில் அந்த ஓர் அலமாரி மட்டுமே இருந்தாலும், அவ்வறையின் காற்று முழுவதும் மணிக்குப் பதின்மூன்று முறை மாறிவிடும்.

அந்தக் காற்றுக்கு ஈடாகச் சென்னை போன்ற கடற்கரை நகரில் 35 பாகை வெப்பமும் நூற்றுக்கு அறுபது ஈரப்பதமும் உள்ள காற்றை உள்ளே கொணர்ந்து, 25 பாகையும் ஐம்பது விழுக்காட்டு ஈரப்பதமும் உள்ளதாக மாற்ற வேண்டுமெனில், ஏறத்தாழ 25 கிலோவாட் குளிர்த்திறன் தேவைப்படும். அது ஏழு டன் குளிர்சாதனத்திற்குச் சமம். வீடுகளில் பொருத்தும் ஒன்றரை டன் கருவிகள் ஏறத்தாழ ஐந்து தேவைப்படும் என்று கொள்க. மின்சாரக் கணக்கில் மணிக்கு எட்டு யூனிட் அளவு ஆகும். இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. இந்தக் குளிர்த்திறனில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு காற்றிலுள்ள நீராவியைப் பிரித்து நீராக்குவதற்கே செலவாகிறது. எஞ்சிய மூன்று பங்குதான் வெப்பத்தைத் தணிக்கிறது. கடற்கரை நாடுகளின் புழுக்கத்திற்கு நாம் செலுத்தும் வரி இது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த அறிஞர்கள் 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, ஒரு புகை அலமாரி ஏறத்தாழ மூன்றரை வீடுகள் உண்ணும் ஆற்றலை உண்கிறது. நூற்றுக்கணக்கான அலமாரிகள் உள்ள பல்கலைக்கழகத்தின் மின்கட்டணம் எவ்வளவாகும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஆகவே, 'குறையுங்கள்' என்று நிதிப்பொறுப்பாளர் கூறுவது இயல்பு. அவர் கூறுவதில் நியாயமும் உண்டு. வீணாகும் மின்சாரத்தின் பின்னே எரியும் நிலக்கரியும் அதன் புகையைச் சுவாசிக்கும் மக்களும் இருக்கின்றனர்.

மிகுதியான காற்று மிகுதியான பாதுகாப்பா?

இங்கே இரண்டு தவறான எண்ணங்கள் உலவுகின்றன. காற்றை எவ்வளவு மிகுதியாக இழுக்கிறோமோ அவ்வளவு பாதுகாப்பு என்பது ஒன்று. விசிறியைக் குறைத்தால் அது எப்போதும் சிக்கனம் என்பது மற்றொன்று.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். அலமாரியின்முன் ஒருவர் நிற்கும்போது, காற்று அவர் உடலைச் சுற்றிக்கொண்டு உள்ளே செல்கிறது. ஆற்று நீரில் நாட்டிய கம்பத்தின் பின்புறத்தில் சுழல் உண்டாவதுபோல, அவருடைய மார்புக்கும் அலமாரி வாயிலுக்கும் இடையே சுழற்காற்று உண்டாகிறது. முகப்பு வேகம் அளவுக்கு மிஞ்சினால் இச்சுழல் வலுத்து, உள்ளிருக்கும் ஆவியை அவர் மூக்கருகே கொணர்ந்துவிடும். ஆகவேதான் வினாடிக்கு முக்கால் மீட்டருக்கு மேற்பட்ட வேகம் விரும்பத்தக்கதன்று என்று வல்லுநர் கூறுகின்றனர். வேகம் மிகவும் குறைந்தாலோ, பக்கத்தில் ஒருவர் நடந்துபோகும் அசைவுகூட ஆவியை வெளியே இழுத்துவிடும். நாம் சாதாரணமாக நடக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல். அலமாரி இழுக்கும் வேகமோ அரை மீட்டர். நம் நாட்டு ஆய்வுக்கூடங்களில் அலமாரிக்கு நேராகச் சுழலும் மேல்விசிறியை நான் பல முறை கண்டிருக்கிறேன். குறுக்கே வீசும் காற்று முகப்பு வேகத்தில் பாதிக்குள் அடங்கியிருக்க வேண்டும் என்பது விதி. மேல்விசிறியின் காற்று அவ்விதிக்கு அடங்குவதில்லை.

அறையின் பொதுக் காற்றோட்டத்தைப் பற்றியும் இவ்வாறே மிகைப்பட்ட நம்பிக்கை நிலவுகிறது. அறையில் ஒரு குப்பி உடைந்து ஆவி பரவிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். காற்று நன்கு கலந்து வெளியேறும் அறையில்கூட, ஒரு முழுக் காற்று மாற்றத்திற்குப் பின்னரும் நச்சில் நூற்றுக்கு முப்பத்தேழு பங்கு எஞ்சியிருக்கும். அது நூற்றில் ஒரு பங்காகக் குறைவதற்கு மணிக்கு நான்கு மாற்றம் உள்ள அறையில் 69 நிமிடமும், ஆறு மாற்றம் உள்ள அறையில் 46 நிமிடமும், பன்னிரண்டு மாற்றம் உள்ள அறையில் 23 நிமிடமும் ஆகும். பன்னிரண்டுக்கும் நான்குக்கும் இடையே மின்செலவில் பெரிய வேறுபாடு உண்டு. ஆனால், குப்பியைக் கைதவறவிட்டவர் அங்கேயே நின்றால் எந்த எண்ணும் அவரைக் காப்பாற்றாது. அவர் அறையைவிட்டு உடனே வெளியேறியாக வேண்டும். நச்சை அது பிறக்கும் இடத்திலேயே பிடிக்கும் அலமாரியே முதல் அரண். அறைக் காற்றோட்டம் இரண்டாம் அரண். இரண்டாம் அரணில் பணத்தைக் கொட்டி முதல் அரணைக் கவனியாது விடுவது செலவுமாகும், பாதுகாப்பும் ஆகாது.

விசிறியின் கணக்கு

இரண்டாவது எண்ணத்திற்கு வருவோம். விசிறியின் இயல்பு வியப்பூட்டுவது. அதன் வேகத்தைக் குறைத்தால் காற்றின் அளவு அதே விகிதத்தில் குறையும்; மின்சாரமோ அவ்விகிதத்தின் முப்படியாகக் குறையும். காற்றை நூற்றுக்கு எண்பதாக்கினால் மின்சாரம் ஏறத்தாழப் பாதியாகிறது. காற்றைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிறது. குழாயில் குறிப்பிட்ட அழுத்தத்தை எப்போதும் காக்க வேண்டிய அமைப்புகளில் இம்மிச்சம் ஓரளவு குறையும். ஆயினும் இதுவே எல்லாச் சிக்கனத் திட்டங்களுக்கும் அடிப்படை.

புதிய ஆய்வுக்கூடங்களில் அலமாரியின் கண்ணாடிக் கதவு இறங்க இறங்க, அதற்கேற்பக் காற்றின் அளவும் தானே குறையும்படி அமைத்திருக்கிறார்கள். முகப்பு வேகம் மாறுவதில்லை. வாயில் சுருங்குவதால் காற்று குறைகிறது. நாம் மேலே கண்ட அலமாரியில் கதவை 45 சென்டிமீட்டருக்கு இறக்கினால் மணிக்கு 1,890 கன மீட்டர் என்பது 1,215 ஆகிவிடும். முழுதும் மூடிவிட்டால், அலமாரியின் உட்பகுதிக் காற்று மணிக்கு 150 முதல் 375 முறை மாறும் அளவுக்குக் குறைத்துக்கொள்ளலாம் என்று 2012ஆம் ஆண்டின் அமெரிக்கத் தர விதி கூறுகிறது. நம் அலமாரிக்கு அது ஏறத்தாழ 200 முதல் 500 கன மீட்டர். அதற்கும் கீழே போகக்கூடாது. ஏனெனில், மூடிய பெட்டிக்குள் ஆவி திரண்டு தீப்பற்றும் அளவை எட்டிவிடக்கூடும், குழாய்களும் அரிக்கப்படும்.

இத்தகைய அமைப்பில் கதவை மூடும் கையே மிகச் சிறந்த சிக்கனக் கருவி ஆகிறது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வேதியியல் துறையில் 2005ஆம் ஆண்டு தொடங்கிய 'கதவை மூடு' இயக்கம் இதற்கு நல்ல சான்று. எந்த ஆய்வுக்குழு கதவுகளை மூடி வைக்கிறது என்பதை அளந்து, இலக்கை எட்டிய குழுக்களுக்குச் சிறு பரிசுகளும் விருந்தும் அளித்தார்கள். இங்கே சிக்கனமும் பாதுகாப்பும் ஒரே திசையில் செல்கின்றன. மூடிய கண்ணாடி மின்சாரத்தையும் மிச்சப்படுத்துகிறது. உள்ளே வெடிப்பு நேர்ந்தால் முகத்தையும் காக்கிறது.

ஆனால், ஒரு செய்தியை மாணவர்கள் மறக்கலாகாது. நம் கல்லூரிகள் பலவற்றில் உள்ள பழைய அலமாரிகள் இவ்வகையைச் சேர்ந்தவையல்ல. அவற்றின் விசிறி எப்போதும் ஒரே அளவாக இழுக்கும். கதவை மூடினால் காற்று வேறு திறப்பின் வழியே நுழையும். அங்கே கதவை மூடுவதால் ஒரு யூனிட்டும் மிஞ்சாது. பாதுகாப்புக்காகவே அதை மூட வேண்டும். அங்கே மின்சாரத்தை மிச்சப்படுத்த விரும்பும் நிர்வாகி நேராகப் பொத்தானைத் தேடுகிறார். மாலை ஐந்து மணிக்கு விசிறியை நிறுத்திவிடுகிறார். அலமாரிக்குள் அமிலமும் கரைப்பானும் திறந்த குப்பிகளில் இருக்குமானால், இரவெல்லாம் அவற்றின் ஆவி அறைக்குள் இறங்கி நிற்கும். காலையில் முதலில் கதவைத் திறப்பவர் பேராசிரியர் அல்லர். கூட்டிப் பெருக்க வரும் பணிப்பெண்ணும் ஆய்வுக்கூட உதவியாளரும்தாம்.

இர்வைன் வளாகம் காட்டிய வழி

சிக்கனத்தைச் செவ்வையாகச் செய்வது எப்படி என்பதற்குக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகம் எடுத்துக்காட்டாக விளங்குகிறது. அங்கே 2008ஆம் ஆண்டில் ஆய்வுக்கூடங்களைச் சீரமைக்கும் பணியைத் தொடங்கினர். அறையில் ஆட்கள் இருக்கும்போது மணிக்கு நான்கு காற்று மாற்றமும், ஆட்கள் இல்லாதபோது இரண்டும் என்று அளவைக் குறைத்தனர். அத்தோடு நில்லாமல், அறைக் காற்றை இடையறாது சோதிக்கும் உணர்கருவிகளை அமைத்தனர். ஆவியோ தூசியோ மிகுந்ததாகக் கருவி உணர்த்தினால், காற்றோட்டம் தானாகவே உயரும். சீரமைத்த கட்டடங்களில் ஆற்றல் செலவு பாதிக்கும் கீழே இறங்கியது. அமெரிக்க அரசு விடுத்த 'சிறந்த கட்டடங்கள்' அறைகூவலில், நூற்றுக்கு இருபது சேமிப்பு என்ற இலக்கை 2020ஆம் ஆண்டுக்குள் எட்டுவதாக ஒப்புக்கொண்ட இர்வைன், 2013ஆம் ஆண்டிலேயே அதை எட்டிவிட்டது.

இதில் நாம் கற்க வேண்டியது கருவியின் பெருமையை மட்டுமன்று. எண்ணைக் குறைக்கும் முன்பு, பாதுகாப்புத் துறையினர் ஒவ்வோர் ஆய்வுக்கூடமாகச் சென்று அங்கே என்ன பொருள்கள் கையாளப்படுகின்றன, எவ்வளவு, எவ்வாறு என்பதை ஆராய்ந்தனர். அபாயம் மிக்க அறைகளுக்குக் குறைப்பு பொருந்தாது என்பதை ஏற்றனர். பொறியாளரும் பாதுகாப்பு அலுவலரும் ஒரே மேசையில் அமர்ந்து முடிவெடுத்தனர்.

உணர்கருவி எல்லாம் அறியும் என்று எண்ணுவதும் பேதைமை. ஆவிகளை அளக்கப் பெரிதும் பயன்படும் ஒளி அயனியாக்கக் கருவி, தன் விளக்கின் ஆற்றலுக்கு உட்பட்ட ஆவிகளை மட்டுமே காணும். வழக்கமாகப் பொருத்தும் 10.6 எலக்ட்ரான் வோல்ட் விளக்கு பென்சீன், டொலுவீன், அசிட்டோன் ஆகியவற்றை நன்கு காணும். குளோரோஃபார்மும் டைகுளோரோமீத்தேனும் ஹைட்ரஜன் சயனைடும் அதன் கண்ணுக்குப் புலப்படா. எந்த நஞ்சு அறையில் உண்டோ அதைக் காணும் கருவி அங்கே இருக்கிறதா என்று கேட்காமல் காற்றைக் குறைப்பது, கண் தெரியாதவரைக் காவலுக்கு நிறுத்துவதற்கு ஒப்பாகும்.

காற்றின் அளவை மாற்றும்போது வெளியேறும் காற்றையும் உள்ளே வரும் காற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டும். ஆய்வுக்கூடத்தின் அழுத்தம் நடைகூடத்தின் அழுத்தத்தைவிடச் சற்றுக் குறைந்திருத்தல் வேண்டும். அப்போதுதான் காற்று நடைகூடத்திலிருந்து அறைக்குள் ஓடும். வெளியேற்றும் விசிறியை மட்டும் குறைத்துவிட்டு, உள்ளே தள்ளும் விசிறியை அப்படியே விட்டால் ஓட்டம் தலைகீழாகும். ஆய்வுக்கூடத்தின் ஆவி பக்கத்து வகுப்பறைக்குச் செல்லும்.

கூரைக்கு மேலேயும் இதே கவனம் வேண்டும். புகைபோக்கி கூரைக்குக் குறைந்தது மூன்று மீட்டர் உயரமாகவும், காற்று வினாடிக்கு ஏறத்தாழ 15 மீட்டர் வேகத்தில் வெளியேறுவதாகவும் இருப்பது வழக்கமான விதி. இவ்வேகத்தைக் காக்க மின்சாரம் மிகுதியாக ஆகும். இர்வைனில் காற்றுச் சுரங்கத்தில் மாதிரிக் கட்டடத்தை வைத்துச் சோதித்து, எந்த இடத்தில் எவ்வளவு குறைக்கலாம் என்பதை அறிந்த பின்னரே அவ்வேகத்தைக் குறைத்தனர். சோதிக்காமல் குறைத்தால், வெளியேற்றிய நஞ்சே மறுபடியும் புதுக்காற்றின் வாயிலில் நுழையும். விசிறியின் வார் அறுந்தால் மாற்றுவதற்காக மாடியேறும் தொழிலாளி அதன் நடுவிலே நிற்பார். எந்த அலமாரியில் என்ன கொதிக்கிறது என்பதை அவருக்குச் சொல்லாமலும், கீழே வேலையை நிறுத்தாமலும், அவரை மாடிக்கு அனுப்புதல் தகாது.

வெளியேறும் குளிர்ந்த காற்றைக் கொண்டு, உள்ளே வரும் வெப்பக் காற்றைக் குளிர்விக்கும் முறையும் உண்டு. இரு ஓட்டங்களும் ஒன்றையொன்று தொடாதபடி நீர்க்குழாய்ச் சுருள்களைக் கொண்டு செய்தால் அது பாதுகாப்பானது. ஆனால், இச்சுருள் வெப்பத்தை மட்டுமே மாற்றும், ஈரத்தை மாற்றாது. நம் கடற்கரை ஊர்களில் செலவின் பெரும்பங்கு ஈரத்தில் இருப்பதால் இலாபம் சிறிதே. ஈரத்தையும் மாற்றும் சுழற்சக்கரம் ஒன்று உண்டு. அதில் நஞ்சு சிறிது மறுபக்கம் கசிய இடமுண்டு. குளிர்நாட்டுத் திட்டத்தை அப்படியே இங்கே நடுவது பயன் தராது என்பதற்கு இதுவும் ஓர் உதாரணம்.

நம் கல்லூரிகளில் செய்யத்தக்கவை

இத்தகைய பெருங்கருவிகளுக்கு நம் ஊர்க் கல்லூரிகளில் பொருள் இராது. ஆயினும், கைக்கெட்டிய வழிகள் பல உள்ளன.

முதலாவது, நஞ்சின் அளவைக் குறைத்தல். சோதனைக் குழாயில் ஐந்து மில்லி லிட்டர் எடுத்துச் செய்யும் சோதனையை ஒரு மில்லி லிட்டரில் செய்ய இயலுமானால், ஆவியும் குறையும், பொருட்செலவும் குறையும், கழிவும் குறையும். அரைநுண் பகுப்பாய்வு என்னும் இம்முறை நம் வேதியியலாருக்குப் புதியதன்று. எழாத ஆவியை வெளியேற்ற விசிறி தேவையில்லை.

இரண்டாவது, பயன்படாத அலமாரிகளைக் கணக்கெடுத்து, உள்ளிருக்கும் பொருள்களை அகற்றி, குழாயை முறையாக அடைத்து நிறுத்தி வைத்தல். அலமாரியைக் குப்பிகள் அடுக்கும் பண்டகசாலையாக்குவதே நம் நாட்டில் மலிந்த பழக்கம். அடுக்கிய குப்பிகள் பின்புறத் துவாரங்களை அடைத்துக் காற்றின் ஓட்டத்தைக் கெடுக்கின்றன. அவற்றுக்காக விசிறியும் இரவெல்லாம் ஓட வேண்டியுள்ளது. ஆவியாகும் பொருள்களுக்குத் தனியே காற்றோட்டமுள்ள சிறிய நிலைப்பேழை அமைத்தால் பெரிய விசிறிக்கு ஓய்வு கொடுக்கலாம்.

மூன்றாவது, அளத்தல். அலமாரியின் கதவு விளிம்பில் மெல்லிய தாள் நாடா ஒன்றை ஒட்டி வைத்தால், அது உட்புறமாகச் சாய்கிறதா என்பதை எவரும் காணலாம். தீப்பற்றும் பொருள் ஏதும் அருகில் இல்லாத வேளையில் ஊதுபத்திப் புகையைக் கொண்டு ஓட்டத்தைப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் காற்றுவேகமானியால் அளந்து, அளந்த நாளையும் எண்ணையும் அலமாரியின்மேல் எழுதி ஒட்ட வேண்டும். பெரிய நிறுவனங்கள் வாயிலின்முன் மனித உருவப் பொம்மையை நிறுத்தி, உள்ளே தடங்காட்டும் வாயுவை விட்டு, பொம்மையின் மூக்கருகே அது கசிகிறதா என்று சோதிக்கின்றன. முகப்பு வேகம் சரியாக இருந்தும் இச்சோதனையில் தோற்ற அலமாரிகள் உண்டு.

நான்காவது, பழக்கம். சோதனைப் பொருளைக் கதவிலிருந்து 15 சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தல், தலையை உள்ளே நீட்டாதிருத்தல், வேலை முடிந்ததும் கதவை இறக்குதல் ஆகிய மூன்றும் எச்செலவும் இல்லாதவை. மேலும், இக்காலத்தில் ஆய்வுக்கூடத்தின் சன்னல்களை அடைத்துவிட்டுச் சுவரில் குளிர்சாதனப் பெட்டியைப் பொருத்துகிறார்கள். அப்பெட்டி அறைக் காற்றையே சுழற்றுகிறது, புதுக்காற்றைக் கொணர்வதில்லை. அமிலமும் கரைப்பானும் கையாளும் அறையில் அது குளிர்ச்சி என்னும் போர்வையில் வரும் கேடு.

யாருடைய சிக்கனம், யாருடைய மூச்சு?

ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வாயுவை வேதியியல் மாணவர் அனைவரும் அறிவர். உப்புப் பகுப்பாய்வில் கிப் உபகரணத்திலிருந்து நாம் பெறும் அழுகிய முட்டை நாற்றமுடைய வாயு அது. நாற்றமே எச்சரிக்கை என்று நம்பிவிடக்கூடாது. காற்றில் பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவை அது எட்டும்போது சில நிமிடங்களில் மோப்ப உணர்வு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது என்று எண்ணுபவர் உண்மையில் அபாயத்தின் நடுவில் நிற்கிறார். இதே வாயுதான் பாதாளச் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறக்கிவிடப்பட்ட நம் உறவினர் பலரின் உயிரைக் குடித்தது. அங்கே விசிறியும் இல்லை. அளக்கும் கருவியும் இல்லை. மனிதக் கழிவகற்றும் தொழிலைத் தடை செய்யும் சட்டம் 2013ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பின்னரும் அச்சாவுகள் தொடர்ந்தன. ஆய்வுக்கூடத்தில் அந்த வாயுவுக்கு அலமாரி வேண்டும் என்பது அறிவியல் என்றால், குழியில் மனிதனை இறக்கலாகாது என்பதும் அதே அறிவியல்தான். வாயு ஆளைப் பார்த்துக் கொல்வதில்லை. யாரை அதன்முன் நிறுத்துவது என்பதை மனிதரே முடிவு செய்கின்றனர்.

ஆகவே, எந்தச் சிக்கனத் திட்டத்தின் முன்னும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. மிச்சமாகும் பணம் யாருக்குச் சேர்கிறது. மிஞ்சும் நச்சு யாருடைய நுரையீரலுக்குச் சேர்கிறது? இரண்டும் வெவ்வேறு ஆட்களாக இருந்தால் அதற்குச் சிக்கனம் என்று பெயரிடலாகாது. செலவை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் மார்புக்கு மாற்றிய செயல் அது.

அண்ணல் அம்பேத்கர் அவர்கள் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக விளங்கினார். தொழிலாளர் நலம் மட்டுமன்றி, மின்சாரக் கொள்கையும் அத்துறையின் பொறுப்பில் இருந்தது. 1944ஆம் ஆண்டில் மத்தியத் தொழில்நுட்ப மின்சார வாரியம் அமைந்ததும், 1946ஆம் ஆண்டில் ஆலைத் தொழிலாளரின் வேலைநேரம் வாரத்திற்கு 48 மணியாகக் குறைந்ததும் அக்காலத்தில்தான். மின்சாரத்தைப் பெருக்குவதும் தொழிலாளியின் உடலைக் காப்பதும் ஒரே மேசையில் முடிவாக வேண்டிய செய்திகள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை. பின்னர் வந்த 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் தன் 13ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும், 14ஆம் பிரிவில் தூசி, புகை ஆகியவற்றை அகற்றுவதையும் முதலாளியின் கடமையாக்கியது.

மாணவச் செல்வங்களே! உங்களில் பலர் குடும்பத்திலேயே முதன்முதலாக ஆய்வுக்கூடத்திற்குள் நுழைபவர்கள். அரும்பாடுபட்டுக் கிடைத்த இடம் என்பதால், கண்ணில் எரிச்சல் தோன்றினாலும், தலை சுற்றினாலும், 'இதைச் சொன்னால் என்ன நினைப்பார்களோ' என்று வாய்மூடி இருக்கத் தோன்றும். அப்படி இருக்க வேண்டாம். 'ஐயா, இந்த அலமாரி எப்போது அளக்கப்பட்டது? இரவில் விசிறி ஓடுகிறதா? குறைக்கும் முன் யார் சோதித்தார்கள்?' என்று பணிவோடு கேளுங்கள், தெளிவாகக் கேளுங்கள், விடையை எழுதி வையுங்கள். அது நன்றி மறத்தல் ஆகாது. ஆய்வாளனுக்குரிய முதற் பண்பு அது. நாளை நீங்களே துறைத்தலைவர்களாகவும் பொறியாளர்களாகவும் அமரும்போது, குப்பி கழுவுபவரும் தரை பெருக்குபவரும் அதே வினாவை உங்களிடம் அஞ்சாமல் கேட்கும் நிலையை உண்டாக்குங்கள்.

வீணாகும் மின்சாரத்தை நிறுத்துவோம், அளந்து நிறுத்துவோம். காக்க வேண்டிய காற்றைக் காப்போம். அதையும் அளந்தே காப்போம். இருபத்தைந்து ஆண்டுகள் கல்வி விளக்கேற்றிய இக்கழகம் மேலும் பல்லாண்டு தழைத்தோங்க வேண்டும் என்று வாழ்த்துகிறேன்.